வாய்க்காலுக்குக் கிழக்கே தொங்கும் படங்கள்

விடுமுறை நாள்களில் விடிந்ததும் புதுச்சேரியின் துய்மா வீதியிலோ ரொமேன் ரோலன் வீதியிலோ நடந்து பார்த்தால், மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் ஆட்கள் முறை வைத்துக் காத்திருப்பது தெரியும். திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வந்த ஒரு ஜோடி, இன்ஸ்டாகிராமுக்காக வந்த ஒரு கல்லூரிக் கும்பல், பெங்களூரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு குடும்பம். எல்லோருக்கும் அதே காகிதப்பூக் கொடி வேண்டும், அதே மரக்கதவு வேண்டும், பிரெஞ்சும் தமிழும் எழுதிய அதே நீலப் பலகை வேண்டும்.

இத்தனை படம் எடுக்கப்படும் ஊரில் எடுத்த படங்களை நின்று பார்ப்பதற்கும் இடம் உண்டு. 1889-ல் தொடங்கப்பட்ட அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம் சப்ரேன் வீதியில் இருக்கிறது. துய்மா வீதியில் உள்ள அதன் மேசோன் கொலம்பானி என்ற பழைய மாளிகையில் கண்காட்சிகள் நடக்கும். குருசுக்குப்பத்தில் ஔரோதன் ஓவியக்கூடம் இருக்கிறது. ஆரோவில் சிதாதின் குடியிருப்பில் உள்ள கலை மையத்திலும் அவ்வப்போது புகைப்படங்கள் மாட்டப்படுகின்றன. பாண்டிஆர்ட் என்ற அமைப்பு அறைகளே வேண்டாம் என்று பொது இடங்களிலேயே படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் கிடையாது. நுழைந்து பார்க்க ஒரு மணி நேரமும், 'நாம் உள்ளே போகலாமா' என்ற தயக்கத்தை விடுகிற துணிச்சலும் போதும்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஊரின் வரைபடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆரோவிலை விட்டுவிட்டால், மேலே சொன்ன இடங்கள் கடலோரமாகவே இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பெயர். பெயர்கள் போய்விட்டன, வாய்க்கால் இருக்கிறது. அதன் மேற்குக் கரையில்தான் நேரு வீதி, மிஷன் வீதி, காந்தி வீதி, பெரிய மார்க்கெட் எல்லாம். ஊர்க்காரர்கள் மூன்று நான்கு தலைமுறையாகப் படம் எடுத்துக்கொண்ட ஸ்டுடியோக்களும் அந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில்தான். சுருக்கமாகச் சொன்னால், கிழக்கே கண்காட்சி, மேற்கே ஸ்டுடியோ. புதுச்சேரியின் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கை மட்டுமே பேசுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோ மரபு எவ்வளவு வளமானது என்பதற்கு ஒரே ஒரு படம் போதும். பூப்பெய்திய பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி, நகை பூட்டி, ஜடை நெடுகப் பூத் தைத்து ஸ்டுடியோவுக்கு அழைத்துவருவார்கள். மணிக்கணக்கில் தைத்த பூ முதுகுப் பக்கம் இருக்கிறது, முகமோ முன்பக்கம். இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும். ஸ்டுடியோக்காரர் பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்துவார். முகம் நேராகவும், ஜடை கண்ணாடியிலும் தெரியும். ஓவியப் பள்ளிக்குப் போகாத எத்தனையோ பேர் இந்த யுக்தியை ஊர் ஊராகச் செய்திருக்கிறார்கள். கண்ணாடியின் கோணம் கொஞ்சம் பிசகினால் கேமராவே அதில் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஒரு படம் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் அதை எடுத்து ஐந்து நிமிடம் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பின்திரையில் வரைந்திருக்கும் மாடிப்படியும் தூணும் எந்த ஊர் அரண்மனையைச் சேர்ந்தவை, அருகில் இருக்கும் பூச்சாடி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். கண்காட்சியில் படம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இந்த மரபு அழிந்துகொண்டிருப்பதைக் கவனித்தவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆபத்திலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய்ப் படங்களை டிஜிட்டல் வடிவில் சேமித்தார்கள். எல்லாம் கிடைத்துவிடவில்லை. கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களைக் கழுவிவிட்டுக் கண்ணாடியை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதும், ஃபிலிமை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போடுவதும் எங்கும் நடந்தவை. மிச்சத்தைக் கரையானும் கடற்காற்றின் ஈரமும் பார்த்துக்கொண்டன.

பிரெஞ்சு நிறுவனத்தின் பெரிய புதையல் வேறு. 1955-ல் தொடங்கிய அந்த நிறுவனம் அடுத்த ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படம் பிடித்து அடுக்கத் தொடங்கியது. இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கு அருகில் படங்கள் இருக்கின்றன. கோபுரம், தூண், கருவறைச் சுவர் மாடம், உற்சவர் என்று வரிசைக்கிரமமாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். எடுத்தவர்களுக்கு அவை ஆய்வுக் குறிப்புகள்தாம். கலைப்படைப்பு என்ற எண்ணமே இருந்திருக்காது. ஆனால் சிலைகள் களவு போனபோது நீதிமன்றத்திலும் அருங்காட்சியகங்களிலும் பேசியவை அந்தப் படங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஸ்ரீபுரந்தான் நடராசரும், நம் பக்கத்துக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் 2014-ல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. சிலைகள் முன்பு எங்கே இருந்தன என்பதற்கு இந்த நிறுவனத்தின் பழைய படங்கள் சாட்சியாக நின்றன. 'வெறும் ஆவணப் படம்தானே' என்று கண்காட்சியில் தாண்டிப் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குப் போக வேண்டாம், கடற்கரைச் சாலைக்கே வருவோம். பழைய அஞ்சலட்டைப் படங்களில் நீளமான இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய அது 1952 புயலில் போய்விட்டது. அதற்குப் பின் தெற்கே கட்டப்பட்ட பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் விழுந்தது. விழுவதற்கு முன் சூரிய உதயத்தோடு சேர்த்து எடுத்த படம் யாருடைய செல்போனிலாவது இல்லாமல் இருக்காது. மேரி என்று நாம் சொல்லும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தது. பழைய தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். இன்று அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்பது சில ஆண்டு வயதே ஆன கட்டடம் என்பது படத்தில் தெரியாது. பழைய படங்களில் அகலமாகத் தெரியும் மணலைப் பாருங்கள். துறைமுக அலைத்தடுப்புகள் வந்தபின் அந்த மணல் அரித்துப்போய்க் கருங்கல் குவியல் வந்தது. பின்னால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் தடுப்பு அமைத்ததும் ஒரு பக்கம் மணல் திரும்பியது. இந்த ஊரில் ஒரே இடத்தை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த நான்கு படங்களை வரிசையாக மாட்டினாலே ஒரு கண்காட்சி ஆகிவிடும். அதற்குத் திறமையான கேமராக்காரர்கூட வேண்டியதில்லை. தேதி சரியாக இருந்தால் போதும்.

கேமரா சிறிதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் புதுச்சேரியில் ஒரு முன்கதை உண்டு. 1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே பிரெசோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் திருவண்ணாமலையிலிருந்து இங்கே வந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாள்களை அங்கே படம் பிடித்திருந்தார். மகரிஷி அந்த ஏப்ரல் 14-ஆம் தேதி மறைந்தார். அதே மாதம் பிரெசோன் இங்கே ஆசிரமத்தில் ஸ்ரீ அரவிந்தரை எடுத்தார். பல ஆண்டுகளாகத் தம்மைப் படம் எடுக்க விடாதவர் அரவிந்தர். அந்த டிசம்பரிலேயே மறைந்தும்விட்டார். நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கும் அந்த முதிய முகத்தை நாம் பார்க்க முடிவது, சட்டைப்பைக்குள் அடங்கும் லைக்கா கேமராவோடு ஒருவர் அந்த அறைக்குள் போக அனுமதி கிடைத்ததால். முக்காலியும் விளக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அந்த அமைதி கலைந்திருக்கும். லைக்கா போன்ற 35 மில்லிமீட்டர் கேமரா வந்த புதிதில் பெரிய தகட்டுக் கேமராக்காரர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்றார்கள். இன்று செல்போனைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்கிறவர்களில் லைக்கா பிரியர்களும் உண்டு.

செல்போன் படத்தைச் சிலர் கலை என்கிறார்கள், சிலர் ஏமாற்று என்கிறார்கள். உள்ளே நடப்பது தெரிந்தால் இரண்டு கட்சியும் கொஞ்சம் அடங்கும். வெளிச்சத்தைப் படமாக்கும் போனின் சென்சார் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவே உள்ள சிறு தகடு. அதில் விழும் வெளிச்சம் குறைவு. அந்தக் குறையைக் கணக்குப் போட்டு ஈடுசெய்கிறார்கள். பொத்தானை ஒரு தடவை தொட்டால் போன் பல படங்களை எடுத்து, இருண்ட பகுதியை ஒன்றிலிருந்தும் வெளிச்சப் பகுதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டிவிடும். கடற்கரையில் சூரியனுக்கு எதிரே நின்றவரின் முகமும் தெரிகிறது, பின்னால் வானமும் வெளுக்காமல் இருக்கிறது என்றால் காரணம் இதுதான். முகத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் பின்னணி பெரும்பாலும் லென்ஸ் செய்தது அன்று. ஆளின் ஓரம் எது என்று போன் ஊகித்து மற்றதை மங்கலாக்குகிறது. மல்லிகைச் சரத்தையும் சுருட்டை முடியையும் அது தவறாக ஊகிக்கும் அழகைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. பல போன்களில் கேட்காமலேயே முகம் வெளுக்கப்படுகிறது, தோலின் துளைகள் அழிக்கப்படுகின்றன. கறுத்த நிறம் ஒரு குறை என்று போனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? கம்பெனிகளை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. நம் ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் தீட்டுவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் அந்தப் பென்சிலுக்கு வேலை அதிகம். இன்றைய ஃபில்டருக்கு அதுவே பாட்டன். ஒரு கண்காட்சியில் செல்போன் படத்தையும் பென்சில் தீட்டிய ஸ்டுடியோ படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் நூறு ஆண்டு ஆசை ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

போனில் பிறப்பது புகைப்படம் மட்டும் என்றும் இல்லை. டேவிட் ஹாக்னி என்ற ஆங்கிலேய ஓவியர் எழுபது வயதைத் தாண்டியபின் ஐபோன் திரையில் விரலால் பூக்களை வரையத் தொடங்கினார். 2010-ல் பாரிஸில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது பிரிண்ட் போடாமல் போன்களையும் ஐபேட்களையுமே சுவரில் பதித்தார்கள். திரையின் ஒளியில் வரைந்ததைத் திரையின் ஒளியிலேயே பார்க்க வேண்டும் என்ற நியாயம். விரலால் வரைந்த படத்துக்கு அது பொருந்தும். புகைப்படத்துக்கு நான் காகிதத்தின் கட்சி. திரையில் விரல் தள்ளத் தயாராக இருக்கும். காகிதத்தைத் தள்ள முடியாது, நாம்தான் நகர வேண்டும்.

காகிதத்துக்கு வரும்போது பலருக்கு அடி விழும் இடம் ஒன்று இருக்கிறது. போனில் எடுத்தது பன்னிரண்டு மெகாபிக்சல் என்றால் சுமார் 4000-க்கு 3000 புள்ளிகள். கையில் வைத்துப் பார்க்கும் தரத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அந்தக் கணக்கில் பதின்மூன்றுக்குப் பத்து அங்குலம் வரை போகலாம். சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும். அளவு இரண்டு மடங்காகிவிடும். ஐம்பது மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் போன்களும் வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து இந்த அளவுக்கே படம் தருகின்றன. ஆக, செல்போன் படத்தைப் பெரிதாக்க முடியாது என்பது பொய். பெரிதாக்க முடியாமல் செய்வது வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். அதே 300 கணக்கில் அது ஐந்தேகால் அங்குலம். லேப்புக்கு அனுப்புகிறவர்கள் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் இந்தச் சுருக்கம் இல்லை. பளபளப்பான காகிதத்தைத் தவிர்ப்பதும் நல்லது. ஜன்னல் நிறைந்த புதுச்சேரி வீடுகளில் பளபளப்புக் காகிதத்தில் படம் தெரிவதைவிட ஜன்னல்தான் அதிகம் தெரியும்.

பார்ப்பதற்கு வருவோம். இதில் விதி எதுவும் இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் சுற்றில் குறிப்புகளைப் படிக்க மாட்டேன். எது நிறுத்துகிறதோ அங்கே நிற்பேன். பிறகு குறிப்பைப் படித்துவிட்டு அதே படத்துக்குத் திரும்புவேன். படித்தபின் படம் பெரிதாகிறதா சிறிதாகிறதா என்பது முக்கியம். பக்கத்துப் படங்களையும் கவனிப்பேன், ஏனென்றால் மாட்டியவர் ஒரு காரணத்தோடுதான் அவற்றைப் பக்கத்தில் வைத்திருப்பார். சுவரில் இருப்பதைப் போனில் எடுத்துக்கொண்டு வெளியேறுவதைப் பொதுவாகத் தவிர்க்கிறேன். தொடக்க நாளன்று போவதையும் தவிர்க்கிறேன். அன்று பேச்சும் பழரசமும் நன்றாக இருக்கும், படங்களுக்கு முன்னால் முதுகுகள் இருக்கும். அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் மதியம் போனால் கூடத்தில் ஒரு காவலாளியும் நீங்களும் மட்டும். அந்தக் காவலாளியிடம் பேச்சுக் கொடுங்கள். எல்லோரும் எந்தப் படத்தின் முன் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பேச்சுத் தமிழில் நடக்கும். ஆனால் சுவரில் உள்ள குறிப்பு தமிழில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வரும்போது கேமராக்காரர்கள் கூட்டம் சாமி தூக்குகிறவர்களையே தள்ளுகிற அளவுக்கு இருக்கும். அங்கே எடுத்த மீனவப் பெண்ணின் முகம் பிறகு இதே ஊரின் ஒரு குளிரூட்டிய கூடத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் குறிப்போடு தொங்கும். வைத்திக்குப்பத்திலிருந்து நடந்தே வந்துவிடும் தூரம்தான். அவள் வந்தால் தன் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும். இரண்டு வரித் தமிழுக்கு என்ன செலவாகிவிடும்? படத்தின் ஒரு பிரதியை அவள் வீட்டுக்குக் கொடுத்தார்களா என்பதையும் நான் கண்காட்சி நடத்துகிறவர்களிடம் கேட்பது வழக்கம். கொடுத்தோம் என்று சொல்லும்போது ஒரு சந்தோஷம் அவர்கள் முகத்திலும் தெரியும்.

மேற்குப் பக்கத்துக்காரர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் நினைவகங்களாக இருக்கின்றன. பாரதி உயிரோடிருந்தபோது எடுத்த படங்கள் விரல் விட்டு எண்ணிவிடக்கூடியவை; 1908 முதல் பத்து ஆண்டு அவர் இருந்த இந்த ஊரில் எடுத்தவையும் அவற்றில் உண்டு. அந்தச் சில படங்களை வைத்தே தமிழ்நாடு முழுக்க முண்டாசும் மீசையும் பரவியது. தெருவுக்கு வந்தால், மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் காதணி விழாவுக்கும் முச்சந்தியில் எழும் ஃபிளெக்ஸ், விளக்குக் கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. சட்டம் தடுத்தாலும் பேனர்கள் ஓய்வதில்லை. ஆளுயர முகங்களை அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் மக்கள் இவர்கள். தாத்தாவின் படத்தை எந்த ஆல்பத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்க வேண்டும், எந்தச் சட்டை, எந்தச் சிரிப்பு என்று குடும்பமே உட்கார்ந்து முடிவு செய்யும். கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் வாக்குவாதமும் அதே வாக்குவாதம்தான்.

சென்னையில் 2016-ல் தொடங்கிய புகைப்பட பினாலே என்ற கண்காட்சி விழா படங்களைப் பூங்காவுக்கும் பறக்கும் ரயில் நிலையத்துக்கும் கொண்டுபோனது. வேலைக்குப் போகிறவர் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு படத்தைப் பார்க்கிறார். உள்ளே போகலாமா என்ற கேள்வியே எழாது. இங்கே அதற்கு ஏற்ற இடம் எது என்று கேட்டால் நான் பெரிய மார்க்கெட்டைச் சொல்வேன். அதை இடித்துக் கட்டுவது பற்றிய பேச்சும் வியாபாரிகளின் எதிர்ப்பும் ஆண்டுக்கணக்காக நடக்கின்றன. என்ன முடிவானாலும், இன்றிருக்கும் மார்க்கெட்டை அங்கே கடை போட்டிருப்பவர்கள் தங்கள் போன்களிலேயே எடுக்கட்டும். விடியற்காலையில் வந்திறங்கும் வாழைத்தார், பூ கட்டும் விரல்கள், கணக்குப் பலகை, மதியத் தூக்கம் என்று சுற்றுலாக்காரர் கண்ணில் படாதவை அவர்களுக்குத்தான் படும். படங்களை மார்க்கெட்டுக்குள்ளேயே, கடைகளுக்கு மேலே தொங்கவிடலாம். குறிப்பு தமிழில் முதலில் வரட்டும். பிரெஞ்சுக்காரர் வந்தால் அவர் யாரிடமாவது கேட்டுக்கொள்வார். ஒரு விஷயம் மட்டும் முன்னமே யோசிக்க வேண்டும்: மீன் பகுதியில் நாளெல்லாம் தண்ணீர் தெறிக்கும், காகிதப் பிரிண்ட் ஒரு நாள்கூடத் தாங்காது. அங்கே வினைலில்தான் அடிக்க வேண்டும்.